பூஜ்யத்துக்குக் கீழே ஏழு

இன்றிரவு மைனஸ் ஏழு என்கிறது வானொலி.
கூஹ்மோவில் அக்டோபர் பன்னிரண்டுக்கு
இது அதிகம்தான்.
ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.
கூரைப் பீலி முழுக்க இலை.
எல்லாம் அந்த ஆளின் மரத்து இலை.

என் மனையில் ஒரு பிர்ச்சும் கிடையாது.
வேலிக்கு அந்தப் பக்கம்
வெய்யோ கார்ப்பினென் நட்டு வளர்த்தது,
வருஷம் தவறாமல் என் கூரைக்குக் கப்பம் கட்டுகிறது.
கை கையாக அள்ளினேன்.
கறுத்து, கூழாகி,
வடிகட்டி எறிந்த தேயிலைச் சக்கை மாதிரி.
நடுவில் ஒரு டென்னிஸ் பந்து, யாருடையதோ.

வெளிக்குழாயை வடித்தாயிற்று.
ஹோஸைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டாயிற்று.
அஸ்திவாரத்தில் எலி போகும் ஓட்டைக்கு
இரும்பு நார் திணித்தாயிற்று,
போன வருஷம் திணித்ததை எலி எங்கே கொண்டுபோனதோ.
உள்ஜன்னலைப் பொருத்துமுன்
இரண்டு கண்ணாடிக்கும் இடையே
காட்டு வெண்பாசியைப் பரப்பினேன்.
வசந்தம் வரைக்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை புகைபோக்கி துடைக்க வந்த பெண்
மூக்கில் கரியோடு கேட்டாள்:
பக்கத்து வீட்டில் தட்டினேன், ஆளில்லையே?
ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன்.
அப்போ வீட்டை யார் பார்த்துக்கிறாங்க?
நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குத் தெரியாதது இல்லை.
இந்தத் தெருவுக்குத் தபால் போடுகிறவள் நான்.
ஒன்பது நாள் செய்தித்தாளை அவர் பெட்டியில்
நான்தான் அமுக்கி அமுக்கி வைத்திருக்கிறேன்.

சண்டை ஒரு பைப் ரெஞ்சில் ஆரம்பித்தது.
இரவல் வாங்கினார்.
கொடுத்துவிட்டேன் என்றார்.
கொடுக்கவில்லை என்றேன்.
அப்புறம் மரத்தை இழுத்தேன், அவர் என் நாயை இழுத்தார்.
நாய் செத்தே ஆறு வருஷம் ஆகிறது.
பேச்சு நின்று பதினொன்று.

எட்டு மணிக்கு மைனஸ் இரண்டு.
ஒன்பதுக்கு மூன்றரை.
அங்கே குழாய் வெடித்தால்
அந்தச் சத்தத்தில் என் தூக்கம்தானே கெடும்
என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு
டார்ச்சை எடுத்தேன்.
இலை வாளியையும் எடுத்தேன்.
வழியில் அவர் மரத்தடியிலேயே கவிழ்த்தேன்.

சாவி, சவுனா வாசற்படிக்கு அடியில்.
இந்த ஊரில் எல்லார் சாவியும் அங்கேதான்.

உள்ளே என் வீட்டை விடக் குளிர்.
ஒரு பூட்ஸ் நின்றுகொண்டும் ஒன்று படுத்துக்கொண்டும்.
தொட்டியில் அடி காய்ந்த காப்பிக் கோப்பை;
ஆம்புலன்ஸ் வந்தது காலை நேரம்.
நிலவறைக்கு இறங்கினேன்.
மெயின் வால்வு கைக்கு அசையவில்லை.
சுவரில் டார்ச்சை ஓட்டினேன்.

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
கைப்பிடியில் நான் வைத்த
சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு
கொஞ்சம்கூட உரியாமல்.

பதினொரு வருஷம்! என்று கத்தினேன்.
உருளைக்கிழங்கு மூட்டையைத் தவிர
கேட்க அங்கே யாருமில்லை.
பிறகு அதைக் கொண்டே வால்வைத் திருகினேன்.
நல்ல ரெஞ்சு. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.
கால் சுற்று, இன்னொரு கால், மூடிக்கொண்டது.

ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டேன்.
சமையலறைக் குழாய் இருமியது,
துருத் தண்ணீர் கொஞ்சம் துப்பியது,
நின்றது.
கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து,
வளைகுழாய்களில் காருக்கு வாங்கிய
உறையாத் திரவத்தை ஊற்றினேன்.
அரை கேன். பில் எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன்.
கோப்பையைத் துணியால் துடைத்துக் கவிழ்த்தேன்.
கழுவத்தான் தண்ணீர் இல்லையே.

ரெஞ்சைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
படியில் பாதி ஏறியவள்
திரும்ப இறங்கி
அதே ஆணியில் மாட்டினேன்.
வரட்டும்.
வந்து, வேலியருகே நின்று,
கொடுத்துவிட்டேன் என்று
இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

வெளியே மைனஸ் ஐந்து.
காலடியில் புல் நொறுங்கியது.
மரத்தில் இன்னும் கால்வாசி இலை இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏற வேண்டும்.